பிடிபட்டவர் கணக்குத் தினமும் வரும், சிகிச்சை பெற்றவர் கணக்கு எங்கே?

எங்களில் ஒருத்தியின் பெரியம்மா போன வருஷம் ஒருநாள் இரவு போன் எடுத்தா. பக்கத்து வீட்டுப் பெடியன், ஏ.எல். எழுதிவிட்டு நின்றவன், 'ஐஸ்' பாவிக்கத் தொடங்கி ஒரு வருஷமாம். தாய் வந்து அழுதிட்டுப் போயிருக்கிறா. பெரியம்மா கேட்டது இவ்வளவுதான்: "நீங்கள் கம்பசில படிக்கிற பிள்ளையள். இவனை எங்க கொண்டுபோய்க் காட்டலாம், எவ்வளவு நாள் வச்சிருப்பாங்கள், போனதுகள் சுகமாகி வந்திருக்குதுகளோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

எங்கே, எவ்வளவு காலம், பலன் என்ன? மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் எண்களில்தான் கிடக்கிறது. எத்தனை நிலையங்கள், எத்தனை கட்டில்கள், எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் முழுக் காலமும் நின்று சிகிச்சையை முடித்தார்கள், எத்தனை பேர் திரும்பவும் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் வரலாறும் சமூகவியலும் படிக்கிற ஆட்கள். தேடத் தெரியும், அரை மணித்தியாலத்தில் எடுத்துக் கொடுத்துவிடலாம் எண்டுதான் நினைத்தோம்.

தேடியதும் வந்து கொட்டுண்டது கைது எண்கள். எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் அதுதான். 2023 டிசம்பர் 17 ஆம் திகதி 'யுக்திய' நடவடிக்கை தொடங்கிய பிறகு, முந்திய 24 மணித்தியாலத்தில் எத்தனை பேர் பிடிபட்டார்கள், எவ்வளவு ஹெரோயின், எவ்வளவு ஐஸ் என்ற கணக்கு ஒவ்வொரு நாளும் பொலிஸிடமிருந்து வந்தது. ஒரு மாதம் ஆவதற்குள் 29,000 க்கும் அதிகமானோர் கைதாகியிருக்கிறார்கள் என்று ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் கவலை தெரிவித்து அறிக்கை விட்டது. சிகிச்சை எண்களும் இல்லாமல் இல்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை வருஷத்துக்கு ஒருக்கா வெளியிடும் தகவல் கைநூலில் அவை இருக்கின்றன. ஆனால் ஒரு கணக்கு காலைத் தேத்தண்ணியோட வருகிறது. மற்றக் கணக்கை நாங்கள் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி? இதை இன்றைய அரசாங்கத்தின் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தபோது, இந்த நாட்டில் போதைப் பாவனையாளரை எண்ணுகிற பழக்கம் தொடங்கிய விதத்திலேயே இதற்கான காரணம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது.

பதிவேட்டில் தொடங்கிய கதை

19 ஆம் நூற்றாண்டின் இலங்கையில் அபின் ஒளித்து விற்கிற சாமான் இல்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது, சுங்கத் தீர்வை கட்டப்பட்டது, அரசாங்க அனுமதி பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. நாட்டு வைத்தியர்களின் மருந்துப் பெட்டியிலும் அபின் இருந்தது. குடியேற்ற அரசாங்கத்தைப் பொறுத்தவரை சாராயக் குத்தகை மாதிரி இதுவும் வருமானத்தின் ஒரு வழி. ஆகவே அந்தக் காலத்து 'நீலப் புத்தகம்' என்ற வருடாந்தத் தொகுப்பில் அபினைத் தேடுகிறவர், இறக்குமதிப் பக்கத்திலும் வருமானப் பக்கத்திலும்தான் தேட வேண்டும். எத்தனை இறாத்தல் வந்தது, எவ்வளவு வரி கிடைத்தது என்பதுதான் அன்றைய கேள்வி. ஆர் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்க அங்கே நிரல் கிடையாது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. பௌத்த மதுவொழிப்பு இயக்கத்தினரும் கிறிஸ்தவ சபைகளும் அபின் கடைகளை மூடச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள். 1907 இல் ஒரு விசாரணைக் குழு இருந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 1910 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் அபின் வியாபாரத்தைத் தனியார் கையிலிருந்து எடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுத்தது. பழக்கப்பட்டவர்கள் தங்கட பெயரைப் பதிய வேண்டும். பதிந்தவருக்குக் குறிப்பிட்ட அளவு கிடைக்கும்.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்சம் நின்றோம். எண்ணுவதென்றால் என்ன என்று இந்த அரசாங்கத்துக்கு அப்போது நன்றாகத் தெரியும். தீவு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871 இல் நடந்துவிட்டது. 1901 இன் குடிசன மதிப்புக்கு அத்தியட்சகராக இருந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். இனம், சமயம், தொழில், எழுத்தறிவு, நோய் என்று பல கோணங்களில் சனங்களைக் கணக்கெடுக்கக்கூடிய நிர்வாகம் அது. அந்த நிர்வாகம் அபின் பாவிப்பவரை முதன்முதலாகப் பெயர்வாரியாகப் பதிந்தபோது, அந்தப் பதிவேடு ஒரு பங்கீட்டு இடாப்பு. இந்த ஆள் இவ்வளவு வாங்கலாம் என்பதற்கான கணக்கு. அந்த ஆள் பழக்கத்தை விட விரும்பினால் எங்கே போவது என்பது அந்த இடாப்பின் வேலையாக இருக்கவில்லை.

ஆளை விட்டுவிட்டு அவுன்சைப் பிடித்த காலம்

அடுத்த கட்டம் 1929. அந்த வருஷத்து 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம்தான், பலமுறை திருத்தப்பட்டு, இன்றைக்கும் எங்கட போதைப்பொருள் வழக்குகளின் அடிச்சட்டம். ஒருவர் கஞ்சாவோட பிடிபட்டு நீதவான் முன் நிற்கும்போது, ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு சட்டத்தின் வார்த்தைகள்தான் அவருக்கு வாசிக்கப்படுகின்றன.

அது வந்த காலத்தையும் பார்க்க வேணும். 1912 இல் ஹேக் நகரில் முதலாவது சர்வதேச அபின் சமவாயம். 1925 இல் ஜெனீவாவில் இன்னொன்று. இரண்டாவதன் கீழ் ஒரு நிரந்தர மத்திய அபின் சபை அமைக்கப்பட்டது. நாடுகள் அந்தச் சபைக்குப் புள்ளிவிபரம் அனுப்ப வேண்டும் என்ற கடமையும் வந்தது. என்ன புள்ளிவிபரம்? இறக்குமதி, ஏற்றுமதி, உற்பத்தி, கையிருப்பு, நுகர்வு. எல்லாம் நிறையில். உலக அளவில் 'போதைப்பொருள் புள்ளிவிபரம்' என்ற ஒன்றை ஒழுங்காகச் சேகரிக்கத் தொடங்கியபோதே அது பொருளின் புள்ளிவிபரமாகத்தான் தொடங்கியது. 1961 இன் தனிச் சமவாயம் பழைய உடன்படிக்கைகளை ஒன்றாக்கியபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. ஆனால் பாவனையாளருக்குச் சிகிச்சையும் கவனிப்பும் வேண்டும் என்ற வாசகம் அதில் சேர்ந்துகொண்டது.

இன்றைக்குப் பத்திரிகையில் 'இத்தனை கிலோ' என்ற தலைப்பைப் பார்க்கும்போது எங்களுக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. கிலோவை எண்ணுவது பழகிப்போன வேலை. அதற்குத் தராசு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, படிவம் இருக்கிறது, நூறு வருஷத்துப் பழக்கம் இருக்கிறது.

1984: ஒரே வருஷத்தில் இரண்டு சட்டங்கள்

1970 களின் கடைசியிலும் 80 களின் தொடக்கத்திலும் ஹெரோயின் இந்த நாட்டுக்குள் வந்தது. கடற்கரைச் சுற்றுலா வளர்ந்த காலம் அது. அபினுக்கும் கஞ்சாவுக்கும் பழக்கப்பட்டிருந்த சட்டத்துக்கும் வைத்தியத்துக்கும் இது புதுப் பிரச்சினை. அரசாங்கம் 1984 இல் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது.

ஒன்று, 11 ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ்தான் மேலே சொன்ன கட்டுப்பாட்டுச் சபை உருவானது. தடுப்பு, சிகிச்சை, ஆராய்ச்சி, தகவல் சேகரிப்பு எல்லாம் இந்தச் சபையின் வேலைகளுக்குள் வந்தன.

மற்றது, 13 ஆம் இலக்கச் சட்டம். 1929 இன் கட்டளைச்சட்டத்தைத் திருத்தி, 2 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று சொன்னது. 2022 இல் 41 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த வரிசையில் ஐஸையும் சேர்த்து, 5 கிராம் என்று எல்லை வைத்தது.

இரண்டு சட்டங்களும் ஒரே வருஷத்தில் பிறந்தவை. ஆனால் வளர்ந்தது ஒரே மாதிரி இல்லை. 1976 க்குப் பிறகு இலங்கையில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. அப்படியிருந்தும் தூக்குமேடை பற்றிய பேச்சு சில வருஷங்களுக்கு ஒருக்கா மேலே வரும். 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனையை நிறைவேற்றக் கையெழுத்திட்டதாக அறிவித்தார். நாட்டில் 200,000 பேர் போதைக்கு அடிமை, 24,000 சிறைக்கைதிகளில் 60 வீதமானோர் போதைப்பொருள் குற்றத்துக்காக உள்ளே இருப்பவர்கள் என்று அவர் ஒரு கணக்கும் சொன்னார். பிறகு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

அந்தக் கணக்கைத் திரும்ப ஒருக்கா வாசித்துப் பாருங்கோ. 200,000 பேர் என்றால், அவ்வளவு பேருக்கும் இடம் எங்கே என்பதுதானே அடுத்த கேள்வியாக வர வேண்டும்? சபை நேரடியாக நடத்திவந்த வதிவிட நிலையங்கள் நீண்ட காலமாக நான்கு: கொழும்பு, கண்டி, காலி, நிட்டம்புவ. வடக்கில் ஒன்றுமில்லை, கிழக்கில் ஒன்றுமில்லை. தொண்டு நிறுவனங்களும் அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளும் தங்களால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தன. ஆனால் அந்த வருஷம் நாடு முழுக்க நடந்த வாக்குவாதம் தூக்கலாமா கூடாதா என்பதுதான். கட்டில் எண்ணிக்கை பற்றிய வாக்குவாதம் நடக்கவில்லை.

'புனர்வாழ்வு' என்ற சொல்

2007 இல் 54 ஆம் இலக்கச் சட்டம் வந்தது: போதைப்பொருளில் தங்கியிருப்போருக்குச் சிகிச்சையளித்தல், புனர்வாழ்வளித்தல் பற்றியது. ஒருவர் தானாக விரும்பியும் சேரலாம், நீதிமன்றம் கட்டாயப்படுத்தியும் அனுப்பலாம். தனியார் நிலையங்கள் சபையிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இது ஒரு முன்னேற்றம்தான். சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை என்ற வாசல் திறந்தது.

ஆனால் 'கட்டாயம்' என்ற வாசலுக்குள்ளால் போனவர்கள் எங்கே போனார்கள் என்பதில்தான் எங்கட கதையும் வந்து சேர்கிறது. 2009 க்குப் பிறகு 'புனர்வாழ்வு' என்ற சொல்லுக்கு வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தனி அர்த்தம் உண்டு. சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்தின் கீழ் வைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். பிறகு அதே பணியகத்தின் கீழ், படையினரின் மேற்பார்வையில், பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தகாடும் சேனபுரவும் போதைப் பாவனையாளருக்கான நிலையங்களாக இயங்கின. எங்கட அம்மாமாருக்குப் 'புனர்வாழ்வு' என்று சொன்னவுடன் முகம் மாறுவது சும்மா இல்லை.

கந்தகாட்டின் பெயர் நாட்டுக்குத் தெரியவந்த இரண்டு தருணங்கள் எங்களுக்கு ஞாபகம் இருக்கின்றன.

முதலாவது 2020 ஜூலை. அங்கே கொரோனா பரவி நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்று உறுதியானது. அந்தக் கொஞ்ச நாளும் கந்தகாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்று நாங்கள் செய்தியில் கேட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு சிகிச்சை நிலையத்தின் உள்ளே இருப்பவர்களின் கணக்கு தினமும் பகிரங்கமாக வர முடியும் என்று அப்போது தெரிந்தது. வந்த காரணம் அவர்களின் போதைப் பழக்கம் இல்லை. அவர்களிடமிருந்து எங்களுக்குத் தொற்றிவிடும் என்ற பயம்.

இரண்டாவது 2022 ஜூன் கடைசி. உள்ளே ஒருவர் இறந்தார். மோதல் வெடித்தது. சுமார் 600 பேர் தப்பி ஓடினார்கள். அந்த மரணம் தொடர்பாகப் படையினர் நால்வர் கைதானார்கள். தப்பியவர் எத்தனை, திரும்பப் பிடிபட்டவர் எத்தனை என்ற கணக்கு மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் வந்தது.

அதே 2022 இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்குப் போனது. அதில் போதைப் பாவனையாளரோட முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுக்கள், 'நாசவேலை'களில் ஈடுபடுவோர் என்று கனபேரை ஒரே கூடைக்குள் போட்டிருந்தார்கள். அரகலய நடந்து முடிந்த வருஷம் அது என்பதையும் மறக்கக் கூடாது. உயர் நீதிமன்றம் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது; போதைக்கு ஆட்பட்டோருக்கும் சட்டத்தால் இனங்காணப்பட்டோருக்கும் மட்டும் என்று சுருக்கினால் அந்த முரண்பாடு நீங்கும் என்று வழியும் சொன்னது. அப்படிச் சுருக்கி, 2023 ஜனவரியில் அது நிறைவேறியது. 2023 இன் 2 ஆம் இலக்கச் சட்டம்.

இந்த வரலாறு தெரியாமல் ஒரு சிகிச்சைப் புள்ளிவிபரத்தை வாசித்தால் நாங்கள் ஏமாந்துபோவோம்.

ஒரு எண்ணை எப்படி வாசிப்பது?

சபையின் கைநூலை நாங்கள் இறக்கி வாசித்தபோது முதலில் சந்தோஷமாக இருந்தது. சபையின் சொந்த நிலையங்கள், சிறைச்சாலைகள், புனர்வாழ்வுப் பணியகத்தின் நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று பல இடங்களிலிருந்து திரட்டிய தகவல் அது. வயது, கல்வி, தொழில் என்று அட்டவணைகள் உண்டு. இதைத் தயாரிக்கிறவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நாங்கள் வரவில்லை. இப்படி ஒன்றைத் தொடர்ந்து வெளியிடுவதே பெரிய விஷயம். ஆனால் வாசிக்கும்போது நாலு விஷயத்தை மனதில் வைத்திருக்க வேணும்.

முதலாவது, தானாகப் போனவரும் அனுப்பப்பட்டவரும் ஒரு ஆள் இல்லை. கண்டியில் தாயோட வந்து சேர்ந்த ஒரு பெடியனும், நீதிமன்றக் கட்டளையில் கந்தகாட்டுக்குப் போன ஒருவரும், சிறைக்குள் ஆலோசனை வகுப்பில் இருந்த ஒருவரும் ஒரே மொத்தத்தில் கூட்டப்படலாம். அந்த மொத்தம் ஒரு வருஷம் கூடினால் சிகிச்சை கூடியது என்று அர்த்தமா, கைது கூடியது என்று அர்த்தமா? பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

இரண்டாவது, 'அனுமதி'யும் 'ஆளும்' ஒன்றில்லை. ஒருவர் வருஷத்தில் இரண்டு தரம் சேர்ந்தால் இரண்டு அனுமதிகள். இந்தப் பிரச்சினை உலகம் முழுக்க உண்டு.

மூன்றாவது, சிகிச்சை எண் தேவையைக் காட்டாது, இருக்கிற இடத்தைத்தான் காட்டும். ஒரு மாவட்டத்திலிருந்து குறைவான பேர் பதிவானால், அங்கே பாவனை குறைவு என்று நினைப்பது பெரிய பிழை. கிட்டடியில் நிலையம் இல்லாமல் இருக்கலாம். தமிழில் ஆலோசனை சொல்ல ஆளில்லாமல் இருக்கலாம். பஸ் காசு இல்லாமல் இருக்கலாம். கிளிநொச்சியிலிருந்து காலிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பார்க்கிற வசதி எத்தனை தாய்மாருக்கு இருக்கு?

நாலாவது, பெண்கள். ஐ.நா. போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகத்தின் 2024 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலகில் போதைப் பாவனையால் நோய்நிலைக்குப் போனவர்கள் சுமார் 6 கோடியே 40 இலட்சம். அவர்களில் 11 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது. ஆண்களில் 7 பேருக்கு ஒருவர், பெண்களில் 18 பேருக்கு ஒருவர். அந்த 18 பேருக்குள் மறைந்திருக்கிற கதை எங்கட ஊருக்கும் புதிசில்லை. ஒரு பெடியன் பாவித்தால் 'கெட்டுப்போனான்' என்று சொல்கிற ஊர், ஒரு பெட்டை பாவித்தால் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் வாசலுக்கே வரமாட்டாள். வராதவளை எந்த அட்டவணையும் எண்ணாது.

பெயர் இல்லாமல் எண்ண முடியுமா?

இந்த விஷயத்தைப் பேசும்போது எங்களுக்குள்ளேயே ஒரு எதிர்ப்பு வந்தது. "சிகிச்சைக்குப் போனவனின் விபரத்தைப் பகிரங்கமாக்கினால் நாளைக்கு அவனுக்கு ஆர் வேலை குடுப்பான்? ஆர் பொம்பிளை குடுப்பான்?" நியாயமான பயம். 1910 இன் பதிவேட்டுக்குப் பெயர் தேவைப்பட்டது. இன்றைய சிகிச்சைப் புள்ளிவிபரத்துக்கும் பெயர் தேவையா?

இதற்கு ஒரு பதில் தேடி அமெரிக்காவைப் பார்த்தோம். காரணம், அங்கே இதே வாக்குவாதம் 1970 களிலேயே நடந்தது. சிகிச்சைக்கு வந்தவரின் பதிவுகளைப் பொலிஸுக்கோ வழக்குக்கோ சும்மா கொடுக்க முடியாது என்று கடுமையான இரகசியக் காப்பு விதிகளை 1975 இல் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் அரசாங்கப் பணம் பெறும் நிலையங்களிலிருந்து பெயரில்லாத தரவுகளையும் திரட்டினார்கள். 1981 இல் ரீகன் நிர்வாகம் நிதியை மொத்தமாக மாநிலங்களிடம் கொடுத்தபோது, தரவு அனுப்பும் கட்டாயம் போய்விட்டது. தேசியக் கணக்கும் சிதறிப்போனது. 1988 இல் வந்த சட்டம் ஒன்று அதைத் திரும்பக் கட்டச் சொன்னது. 1992 தொடக்கம் அந்தத் தரவு கிடைக்கிறது.

இன்றைக்கு அந்தக் கோப்பை ஆரும் காசில்லாமல் இறக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு அனுமதி. பெயர் இல்லை, முகவரி இல்லை. வயது வகுப்பு, பால், மாநிலம், எந்தப் பொருள், முன்னர் எத்தனை தரம் சிகிச்சைக்கு வந்தவர், தானாக வந்தவரா நீதிமன்றம் அனுப்பியதா என்பவை இருக்கின்றன. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு வருஷம் ஹெரோயினுக்காகச் சிகிச்சைக்கு வந்த பெண்களில் எத்தனை பேரை நீதிமன்றம் அனுப்பியது என்று நாங்கள் எங்கட ஹொஸ்டல் கட்டிலில் இருந்துகொண்டே கணக்குப் போடலாம். முல்லைத்தீவைப் பற்றி அதே கேள்வியைக் கேட்க எங்களிடம் இருப்பது அச்சடித்த அட்டவணை. அட்டவணை தான் சொல்ல வந்ததைச் சொல்லும். நாங்கள் கேட்க வந்த கேள்விக்கு அது திரும்பிப் பதில் சொல்லாது.

அமெரிக்காவைப் புகழ்ந்து முடிக்கவும் முடியாது. 2025 ஏப்ரலில் அங்கே சுகாதாரத் திணைக்களத்தில் நடந்த பெரும் ஆட்குறைப்பில், போதைப் பாவனை பற்றிய தேசிய வீட்டுக் கணக்கெடுப்பை நடத்திவந்த அணியையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலான கணக்கெடுப்பு அது. கட்டியெழுப்பப் பத்து வருஷம் எடுக்கிறதை நிறுத்த ஒரு மின்னஞ்சல் போதும். 1981 இலும் இதுதான் நடந்தது.

கேட்கிற உரிமை

எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. 2015 இல் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு ஆணைக்குழு.

தனிப்பட்ட ஒருவரின் வைத்தியப் பதிவுகளைத் தர மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் கேட்கப்போவது ஒருவரின் பதிவு இல்லை, மொத்த எண்கள். ஆகவே நாங்கள் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். அதில் உள்ள கேள்விகள்:

1. கடந்த ஐந்து வருஷங்களில், ஒவ்வொரு மாவட்டத்தையும் வதிவிடமாகக் கொண்டோரில் எத்தனை பேர் வதிவிடச் சிகிச்சை பெற்றார்கள்? ஆண், பெண் வேறுவேறாக.

2. அவர்களில் தானாக வந்தவர் எத்தனை, நீதிமன்றம் அனுப்பியவர் எத்தனை?

3. சிகிச்சைக் காலத்தை முழுதாக முடித்தவர் எத்தனை, இடையில் விட்டவர் எத்தனை?

4. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சேர்ந்தவர் எத்தனை?

5. ஒவ்வொரு நிலையத்திலும் கட்டில் எத்தனை, தமிழில் ஆலோசனை வழங்கக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை?

6. நிலையங்களுக்குள் நடந்த மரணங்கள் எத்தனை?

ஆறாவது கேள்வியை வைப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் கன நேரம் கதைத்தோம். கந்தகாட்டை நினைத்துப் பார்த்து வைத்தோம்.

நீங்களும் உங்கட மாவட்டத்துக்கு இதே விண்ணப்பத்தைப் போடலாம். கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கோ. 25 மாவட்டத்திலிருந்தும் ஒரே கேள்வி போனால், அதற்கென ஒரு நிரலை அடுத்த வருஷக் கைநூலில் போடுவதுதான் அவர்களுக்கும் லேசு. எங்களுக்கு வரும் பதிலை, வந்தாலும் வராவிட்டாலும், இங்கேயே எழுதுவோம்.

பெரியம்மாவுக்கு என்ன சொன்னோம் என்று கேட்பீர்கள். கிட்டவுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு முதலில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னோம். அங்கே காசு கேட்கமாட்டார்கள், பொலிஸுக்கும் போக வேண்டியதில்லை என்றோம். அந்தரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம் என்றோம். முதல் கேள்விக்கு அவ்வளவு சொல்ல முடிந்தது.

"சரி, எவ்வளவு நாள் வச்சிருப்பாங்கள்? போனதுகள் சுகமாகி வந்திருக்குதுகளோ?" என்று பெரியம்மா திரும்பவும் கேட்டா. பொறுங்கோ பெரியம்மா, கேட்டு எழுதியிருக்கிறம் எண்டோம்.